ஈசல் போனது, நீமோ இருக்கிறது



பழைய வகுப்புப் படங்களை மடிக்கணினியில் ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எஃப் 3 விசையைத் தட்டினால் ஜன்னல் இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பக்கத்துப் படத்தை அந்தப் பக்கத்து ஃபோல்டருக்கு இழுத்துவிட்டால் போதும். இந்த ஃபைல் மேனேஜரின் பெயர் நீமோ. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷுக்கு மென்பொருள் எழுதியவர்களில் ஒருவர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். அவரும் நண்பர்களும் 1999-இல் கலிபோர்னியாவில் ஈசல் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். லினக்ஸைச் சாதாரண மக்களும் எளிதாகக் கையாள வேண்டும் என்று நாட்டிலஸ் என்ற ஃபைல் மேனேஜரை உருவாக்கினார்கள். 2001 மார்ச்சில் அதன் 1.0 பதிப்பு வந்தது. மே மாதம் பணமில்லாமல் நிறுவனத்தையே மூடினார்கள். நம்மூர் மழை ஈசலின் ஆயுள்தான்!

ஆனால் நிரலை ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்திருந்தார்கள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். க்னோம் திட்டத்தார் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். 2012-இல் வந்த 3.6 பதிப்பில், எஃப் 3 தட்டினால் வரும் இரட்டைப் பலகையை அவர்கள் நீக்கினார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் முந்தைய நிரலை எடுத்துத் தனியே வளர்த்தார்கள். அதுதான் நீமோ. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் பெயரும் இதுவே.

பூட்டி வைத்திருந்தால் அந்த உழைப்பு நிறுவனத்தோடு போயிருக்கும். உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்கள் பாடக் குறிப்புகளையும் பூட்டி வைக்காதீர்கள்.

1987 பிளஸ் டூ குரூப் போட்டோ மட்டும் என்னிடம் இல்லை. வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள், எல்லோருக்கும் பகிர்கிறேன்.