நித்தியகல்யாணி ஏன் தொட்டிக்குள் அடங்கல?

நான் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி காலேஜுக்கு நடந்த நாலு வருஷமும் வழியோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லினு ஒதுக்குவாங்க. ஆனா குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் இந்த இலையிலிருந்துதான் வருது.

கதை 1950-களில், கனடாவில் ஆரம்பிக்குது. ஜமைக்காவிலிருந்து வந்த இலையை ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்காகச் சோதிச்சாங்க. சர்க்கரை குறையல, ரத்த வெள்ளை அணுக்கள் குறைஞ்சது. அப்படிக் கிடைச்சது வின்பிளாஸ்டின். பின்னாடியே எலி லில்லி கம்பெனி வின்கிறிஸ்டினைப் பிரிச்சது. சிக்கல் அளவில்தான்: 1 கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறக்குறைய 2,000 கிலோ காய்ந்த இலை வேணும்.

அப்போ செடியை விட்டுட்டு, அதோட செல்லை மட்டும் தொட்டியில் வளர்த்தா என்ன? 1983-ல் ஜப்பானின் மிட்சுயி அப்படித்தான் ஷிகோனின்ங்கிற சிவப்புச் சாயத்தை எடுத்தது, லிப்ஸ்டிக்கில் போச்சு. யூ மரத்தின் டாக்சால் மருந்தும் ஜெர்மனியில் தொட்டிகளில் தயாராச்சு.

நித்தியகல்யாணி மட்டும் மசியல. வின்பிளாஸ்டினுக்கு ரெண்டு பாதி: கேதரந்தின், விண்டோலின். கேதரந்தினைத் தொட்டிச் செல்கள் கொஞ்சம் செய்யும். விண்டோலினுக்கு இலையின் பல வகை செல்கள் வேலையைக் கைமாத்தி முடிக்கணும். நம்ம பாஷையில் சொன்னா மைக்ரோசர்வீஸ். ஒரே சர்வரை எடுத்துட்டு வந்தா ஆப் ஓடாது.

2022-ல் ஜே கீஸ்லிங் குழு ஈஸ்டுக்குள் மரபணுக்களைச் சேர்த்து ரெண்டு பாதியையும் செய்ய வெச்சு, பிறகு இணைச்சாங்க. ஆனா அது ஆய்வக அளவுதான். இத்தனை வருஷமா அந்தக் குழந்தைகளுக்கான மருந்தைத் தாங்கிட்டு வந்தது தொட்டி இல்ல, மானாவாரி நிலத்தில் இலை பறிச்ச கைகள்.