எல்லைக்கோடும் மின்பாதையும்: ஓசூரை முன்வைத்துத் தென்மண்டல மின்தொகுப்பின் கணிப்புச் சிக்கல்கள்

முன்னுரை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் 1970களில் சிப்காட் தொழில் வளாகம் உருவானது. அந்நகரின் தொழில் வளர்ச்சியில் பெங்களூருவின் அண்மைக்குள்ள பங்கு நன்கறியப்பட்டது. மின்சாரத்தைக் கணித்து அனுப்பும் முறைக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கோலார் - ஓசூர் இணைப்பு

ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கோலாருக்கு 2000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டப் பாதை 2003இல் இயங்கத் தொடங்கியது. கோலாரிலிருந்து 400 கிலோவோல்ட் மாறுமின்னோட்டப் பாதைகள் ஓசூருக்கு வருகின்றன. முன்னதில் செல்லும் அளவை இயக்குபவர் நிர்ணயிக்கலாம். பின்னதிலோ மின்சாரம் ஒப்பந்தம் காட்டும் வழியில் செல்வதில்லை. இணைந்துள்ள பாதைகள் அனைத்திலும் அவற்றின் மின்மறுப்புக்கேற்பப் பகிர்ந்து ஓடும். கர்நாடகத்தில் ஓர் அனல்மின் அலகு நின்றாலும் ஓசூர்ப் பாதையின் சுமை மாறும். எனவே ஒரு பாதையை அறிய வலைப்பின்னல் முழுவதையும் கணிக்க வேண்டியுள்ளது.

கணிப்பின் பெருக்கம்

டின்னி, ஹார்ட் ஆகியோர் 1967இல் வெளியிட்ட நியூட்டன் வழிமுறை இக்கணக்கைக் கணினியில் விரைந்து தீர்க்க உதவியது. ஆயினும் ஒரு நிலையை மட்டும் கணிப்பது போதாது. ஒரு பாதை செயலிழந்தால் ஏனையவை தாங்குமா என்பதையும் சோதிக்க வேண்டும். 1000 உறுப்புகளுள்ள வலைப்பின்னலில் ஒன்று பழுதாகும் நிலைகள் 1000. இரண்டு ஒருசேரப் பழுதாகும் நிலைகளோ 4,99,500. தென்மண்டலத்தில் 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண முறை, நாளொன்றை 96 கால்மணிக் கூறுகளாகப் பகுத்தது. ஒவ்வொரு கூறுக்கும் எல்லாச் சோதனைகளையும் செய்வது அரிது. ஆதலால் முன்கூட்டிக் கணித்த வரம்பிலிருந்து காப்பு அளவு கழிக்கப்பட்டு, எஞ்சியதே மின்வணிகத்திற்கு விடப்பட்டது.

சந்தையும் ஆலையும்

2008இல் மின்சந்தைகள் தொடங்கிய பின்னர், ஆந்திரமும் கர்நாடகமும் எஸ்1 எனவும், தமிழ்நாடும் கேரளமும் எஸ்2 எனவும் ஏலப் பகுதிகளாகக் கொள்ளப்பட்டன. இவ்விரு பகுதிகளையும் இணைக்கும் பாதைகளுள் கோலார் - ஓசூர்ப் பாதையும் ஒன்று. வரம்பு நிரம்பியபோது எஸ்2 பகுதியில் விலை உயர்ந்தது. அதே 2008 நவம்பரில் தமிழக உயர் அழுத்த நுகர்வோர்மீது மின்பயன்பாட்டுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. உற்பத்திப் பற்றாக்குறையே அதன் முதற்காரணம். எனினும் வெளிச்சந்தையில் வாங்கி ஈடுசெய்ய முயன்ற ஆலைகளுக்கு, கடத்தல் வரம்பு இரண்டாம் தடையாயிற்று.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் தேசிய மின்தொகுப்புடன் ஒத்தியங்கத் தொடங்கியது. பெறும் வழி விரிந்தது. கணிக்க வேண்டிய வலைப்பின்னலும் நாடளாவியதாயிற்று.

முடிவுரை

காப்பு அளவு என்பது கணிப்பின் ஐயத்திற்குத் தரப்படும் விலை. ஐயம் மிகுந்தால் கம்பிகள் தாங்கக்கூடிய மின்சாரமும் பயன்படாமல் நிற்கும். காப்பைத் தேவைக்குமேல் குறைத்தால் மின்தொகுப்பே சரியக்கூடும். அவ்விலையின் ஒரு பகுதியை ஓசூர் போன்ற எல்லைத் தொழில் நகரங்கள் ஏற்றன. ஆகவே தமிழகத் தொழில் வரலாற்றை எழுதுவோர் மின்னுற்பத்தி அளவோடு கடத்தல் வரம்புகளையும் சான்றாகக் கொள்ளுதல் தகும்.