அதியமானுக்கு ரசீது உண்டா?

தர்மபுரிக்காரர்களிடம் ஊர்ப்பெருமை என்ன என்று கேட்டால், ஒகேனக்கல்லுக்கு அடுத்தபடியாக (சிலருக்கு அதற்கும் முன்னால்) வருகிற பெயர் அதியமான். ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், தகடூரை ஆண்டவன். இதோடு நின்றால் பரவாயில்லை. அசோகரே கண்டு அஞ்சிய அரசன், சீனாவிலிருந்து கரும்பு கொண்டுவந்த பரம்பரை, இன்ன கோயிலைக் கட்டியவன், இன்ன சாதிக்காரன் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். மறுபக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. சங்க இலக்கியமே பிற்காலத்துக் கற்பனை, அதில் வரும் ராஜாக்களை எல்லாம் சரித்திரம் என்று சொல்லக்கூடாது என்பார்கள் இவர்கள். இரண்டு கூட்டமும் சத்தமாகப் பேசும். சான்று கேட்டால்தான் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

வணிகவியல் மாணவர்களுக்குத் தணிக்கைப் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்காதே, அதற்கு வவுச்சர் இருக்கிறதா என்று பார். வவுச்சரும் அந்தக் கம்பெனியே எழுதிக்கொண்டதா, வெளியாள் கொடுத்ததா என்று பார். அதியமான் கணக்கை இந்த முறையில் சரிபார்த்தால் என்ன கிடைக்கும்? பார்க்கலாம்.

முதலில் அசோகர். கி.மு. 3-ம் நூற்றாண்டில் அவர் பாறைகளில் வெட்டிய சாசனங்களில் இரண்டாவது, தன் எல்லைக்கு வெளியே உள்ள அயல்நாடுகளைப் பட்டியலிடுகிறது. சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர், தாம்பரபரணி (அதாவது இலங்கை), அப்புறம் அந்தியோகன் என்ற கிரேக்க அரசன். இங்கெல்லாம் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகளைக் கொண்டுபோய் நட்டதாகவும் சாசனம் சொல்கிறது. ஜேம்ஸ் பிரின்செப் 1837-ஐ ஒட்டி பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இதெல்லாம் தெரியவந்தது. சோழர் யார், பாண்டியர் யார் என்பதில் குழப்பம் இல்லை. கேரளபுதர் சேரர் என்பதும் சிக்கலில்லை. அந்த நான்காவது ஆள், சதியபுதர், யார்?

இங்கேதான் வேடிக்கை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அறிஞர்கள் ஆளுக்கு ஒரு விடை சொன்னார்கள். 'சத்திய' என்று தொடங்குவதால் சத்தியமங்கலமாக இருக்கலாம் என்றார் வின்சென்ட் ஸ்மித். காஞ்சிபுரத்துக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்று ஒரு பெயர் உண்டே, அதுதான் என்று ஒரு கட்சி. மராட்டியத்தில் 'சாத்புதே' என்று ஒரு குடிப்பெயர் இருக்கிறது, அவர்கள்தான் என்று இன்னொரு கட்சி. சங்கப் பாடல்கள் வாய்மை தவறாதவர்கள் என்று கோசர்களைப் புகழ்கின்றன, வாய்மை என்றால் சத்தியம், ஆகவே கோசர்தான் சத்தியபுத்திரர் என்று மற்றொரு கட்சி. இத்தனை பேரும் படித்தவர்கள். எல்லோருக்கும் ஒரே பழக்கம்: ஒரு சொல்லின் ஓசை எங்கே ஒட்டுகிறதோ அங்கே ஒட்டவைத்துவிடுவது. பெயர் ஒற்றுமை ஒரு துப்புதானே தவிர சாட்சி ஆகாது. ஆனாலும் கே.ஜி. சேஷய்யர் போன்ற சிலர், சதியபுதர் என்பது அதியமான்தான் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கருத்துக்கு மொழியியல் பக்கம் நல்ல வலு இருந்தது. வடமொழி, பிராகிருதச் சொற்கள் தமிழுக்கு வரும்போது முதலில் உள்ள சகரம் பல இடங்களில் உதிர்ந்துவிடும். சிரமணர் அமணர் ஆனார்கள். ஸஹஸ்ரம் ஆயிரம் ஆனது. அப்படியானால் 'சதிய', 'அதிய' ஆகலாம். 'புத' என்றால் மகன். மகன் என்பது மான் என்று குறுகும். சேரமகன் சேரமான் ஆன மாதிரி, அதியமகன் அதியமான். கேரளபுதர் சேரமான் என்றால் சதியபுதர் அதியமான். அழகாகப் பொருந்துகிறது. ஆனால் சத்தியமங்கலம் சொன்னவருக்கும் அழகாகத்தான் பொருந்தியது! வவுச்சர் இல்லாத வரை இதுவும் ஒரு ஊகம்தான்.

வவுச்சர் 1981-ல் கிடைத்தது. திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற கிராமத்தை ஒட்டிய குன்றில் ஓர் இயற்கைக் குகை. அதற்குள் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரே வரியில் ஒரு கல்வெட்டு. இரா. நாகசாமி இயக்குநராக இருந்த தமிழ்நாடு தொல்லியல் துறை அதை வெளியிட்டது. வாசகம் இவ்வளவுதான்: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." சதியபுதனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று பொருள். பட்டப்பெயர் பிராகிருதத்தில், மீதி தமிழில். அசோகர் சொன்ன பெயரும் ஔவையார் பாடிய பெயரும் ஒரே வரியில், ஒரே ஆளின் மேல். சத்தியமங்கலம், காஞ்சி, சாத்புதே, கோசர் எல்லாம் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற இன்னொரு சங்கதிதான் மிக முக்கியம். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. நுளம்பர், சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த ஊரைத் தகடூர் என்றே சொல்கின்றன. ஜம்பை இங்கிருந்து கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர். தர்மபுரி ராஜாவுக்குத் திருக்கோவிலூர் பக்கம் குகை தானம் செய்ய என்ன வேலை? அது மலையமான் திருமுடிக்காரியின் ஊர் ஆயிற்றே.

விடை புறநானூற்றில் இருக்கிறது. 99-ம் பாட்டில் ஔவையார், அஞ்சி கோவலூரை வென்றதையும், அந்த வெற்றியைப் பரணர் பாடியதையும் குறிப்பிடுகிறார். கோவலூர்தான் திருக்கோவிலூர். புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894-ல் அச்சிட்டார். குகைக் கல்வெட்டு அதற்கு 87 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதியிருக்க வழியில்லை. பாட்டு, ஒரு கவிஞர் தன் புரவலனைப் புகழ்ந்தது, அதாவது வீட்டுக்காரர்களே எழுதிக்கொண்ட கணக்கு. கல்வெட்டு, குகையில் தங்கியவர்களுக்காக வெட்டியது. இரண்டும் தனித்தனியாக ஒரே ஆளை ஒரே வட்டாரத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. எதிர்க்கட்சிக் கணக்கும் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து, அரிசில்கிழார் பாடியது, பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்ததைப் புகழ்கிறது. தோற்ற ஊரின் பெயரை ஜெயித்தவன் பக்கம் சொல்கிறது என்றால் அந்த ஊர் வெறும் கற்பனை இல்லை.

ஆக, சங்க அரசர்கள் எல்லாம் கற்பனை என்ற கட்சி இங்கே அடிவாங்குகிறது. 2001-ல் ஹெர்மன் டீக்கன் என்ற நெதர்லாந்து அறிஞர், சங்கப் பாடல்கள் கி.பி. 8, 9-ம் நூற்றாண்டுகளில் பழைய காலத்தைப் பாவனை செய்து எழுதப்பட்டவை என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் உட்கார்ந்து கற்பனை செய்த புலவருக்கு, எழுத்தே மாறிப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பின், ஜம்பைக் குகையில் இருக்கும் பெயரும் அதற்குப் பொருந்தும் போரும் எப்படித் தெரிந்தன? இதற்கு அந்தத் தரப்பில் ஒரு பதில் சொல்லலாம்: பழைய செய்திகள் வாய்வழியாக வந்திருக்கலாம், பாட்டு மட்டும் பின்னால் எழுதியதாக இருக்கலாம். நியாயத்துக்குச் சொன்னால், இந்தக் கல்வெட்டு ஒவ்வொரு பாட்டின் வயதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் அஞ்சி என்று ஒருவன் இருந்தான், கோவலூர்ப் பக்கம் அவன் கை நீண்டிருந்தது என்பதை இனிக் கற்பனைக் கணக்கில் எழுத முடியாது. கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டும் இதே மாதிரிதான். மூன்று தலைமுறைச் சேர இரும்பொறைகளை அது வரிசையாகச் சொல்கிறது.

சரி, இப்போது ஊர்ப்பெருமைக் கட்சிக்கு வருவோம். இவர்கள் ஜம்பையைக் கொண்டாடிவிட்டு உடனே அடுத்த வரியில் "அசோகர் காலத்தில் வாழ்ந்த அதியமான்" என்று எழுதிவிடுகிறார்கள். அசோகர் கி.மு. 3-ம் நூற்றாண்டு. ஜம்பைக் கல்வெட்டின் எழுத்தமைதியைப் பார்த்து ஐராவதம் மகாதேவன் போட்ட காலம் கி.பி. 1-ம் நூற்றாண்டை ஒட்டியது. நடுவில் சுமார் முந்நூறு வருஷம். நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுக்காமல் அஞ்சியே சாப்பிட்டிருந்தாலும் சமாளிப்பது கஷ்டம். அசோகர் சொன்னது இந்தக் குடியை. அந்தப் பட்டத்தை வழிவழியாக வைத்திருந்தவர்களில் ஒருவன் அஞ்சி. கல்வெட்டு நிரூபிப்பது அதைத்தான்.

"அசோகரால் வெல்ல முடியவில்லை" என்பதும் அப்படியே. சாசனத்தில் போர் பற்றி எதுவும் இல்லை. எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று மட்டும் இருக்கிறது. முயன்று தோற்றாரா, முயலவே இல்லையா என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. அதையே திருப்பிப் போட்டு, அசோகர் வைத்தியம் செய்தார் என்றால் இவர்கள் அவருக்கு அடங்கியவர்கள்தான் என்பாரும் உண்டு. அதே பட்டியலில் கிரேக்க அந்தியோகனும் இருக்கிறானே, அவனும் அடங்கியவனா?

கரும்பு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. அதே 99-ம் பாட்டு, அஞ்சியின் முன்னோர்கள் தேவர்களுக்கு வழிபாடு செய்து, பெறுவதற்கு அரிய கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்கிறது. 392-ம் பாட்டிலும் இந்தச் செய்தி வருகிறது. எந்த நாட்டிலிருந்து என்று பாட்டில் இல்லை. சீனா என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. தாவரவியலார் கணக்குப்படி கரும்பு முதலில் பயிரானது நியூகினித் தீவுப் பக்கம், அதுவும் அஞ்சிக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். இந்தப் பாட்டிலிருந்து உறுதியாக எடுக்கக்கூடியது, அந்தக் குடும்பம் தன்னைப்பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டது என்பதுதான். தர்மபுரி வட்டாரத்தில் அப்போதே கரும்பு மதிப்பான பயிராக இருந்தது என்றும் ஊகிக்கலாம். அதற்கு மேல் போனால் ரசீது இல்லை.

ஔவையார் விஷயத்தில் குற்றவாளி சினிமா. 1953-ல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்த பிறகு, தமிழ்நாட்டில் ஔவை என்றால் பாட்டிதான். நெல்லிக்கனி தின்றதால் நீண்ட நாள் வாழ்ந்தார், அதனால்தான் ஆத்திசூடியும் அவரே எழுதினார் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் கணக்கில் வரவு வைத்தாகிவிட்டது. ஆத்திசூடி ஔவையைச் சோழர் காலத்தின் பிற்பகுதியில், 12-ம் நூற்றாண்டை ஒட்டி வைப்பது வழக்கம். மொழிநடையே வேறு. புறநானூறு 91-ல் நெல்லிக்கனி இருக்கிறது. அதன் பயனை வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு கொடுத்தானே என்று நெகிழ்கிற பாட்டு அது. ஆனால் பாடியவர் கிழவி என்பதற்கு அதில் ஒரு சொல் கிடையாது. 89-ம் பாட்டில் பகை அரசன் ஒருவன் அவரை ஒளிவீசும் நெற்றியுள்ள விறலி என்று அழைத்துக் கேள்வி கேட்பதாகவே வருகிறது. அதைப் புலவர்கள் வழக்கமாகச் சொல்லும் வர்ணனை என்று தள்ளிவிடலாம்தான். அப்படித் தள்ளினாலும் கம்பூன்றிய பாட்டிக்கு ஆதாரம் வந்துவிடாது. அரசனுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவன் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டு நையாண்டியாகப் பாடிய பெண்ணை (95-ம் பாட்டு) நாம் பாட்டியாக்கி உட்காரவைத்துவிட்டோம் என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

கோயில் விஷயத்தில் பிரச்சினை வேறு. "அதியமான் கட்டியது" என்றால் எந்த அதியமான்? இந்தப் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. நாமக்கல் குடைவரை ஒன்று கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று இருக்கிறது. அது சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பின்னால். சோழர்களுக்காகத் தலைக்காட்டைக் காத்து நின்று ஹொய்சாளரிடம் தோற்ற ஓர் அதியமான் 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தான். விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர் அதிகமான், போளூர்ப் பக்கத்துத் திருமலையில், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கன் இயக்கி உருவங்களைச் சீர்செய்ததாகக் கல்வெட்டு வெட்டியிருக்கிறான். தமிழகத்தில் கல்லால் கோயில் எடுக்கும் வழக்கமே பல்லவர் காலத்தில், 7-ம் நூற்றாண்டு வாக்கில்தான் தழைக்கிறது. அதனால் கற்கோயில் ஒன்றைக் காட்டி ஔவையின் அதியமான் கட்டியது என்று சொல்வது, தாத்தாவின் பில்லை பேரன் பெயரில் கொண்டுவருகிற மாதிரி. இல்லை, பேரனின் பில்லைத் தாத்தா பெயரில்!

சாதி உரிமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல சமூகத்தார் அதியமான் தங்கள் முன்னோன் என்கிறார்கள். ஜம்பைக் கல்வெட்டில் பட்டம் இருக்கிறது, குடி இருக்கிறது, பெயர் இருக்கிறது, கொடை இருக்கிறது. சாதி இல்லை.

மதம்? குகை தானம் செய்ததால் அவன் சமணன் என்று ஒரு வாதம். தமிழ்-பிராமிக் குகைகளில் பெரும்பாலானவை சமணத் துறவிகளுக்கானவை என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டது. ஆனால் ஜம்பை வரியில் யாருக்குக் கொடுத்தான் என்றே இல்லை. அதே அஞ்சியின் முன்னோர்கள் தேவர்களுக்கு ஆவுதி கொடுத்தவர்கள் என்கிறார் ஔவையார். அவன் இறந்தபோது நடுகல் நட்டு, பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் படைத்ததை 232-ம் பாட்டில் பாடுகிறார். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறிய கள்ளை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார். அந்த நடுகல் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.