பிள்ளை மீது வழக்கு வந்தால்: இளைஞர் நீதிச் சட்டமும் நம் பொறுப்பும்

"உங்கள் பையன் ஸ்டேஷனில் இருக்கிறான், வாருங்கள்" என்று ஓர் அழைப்பு வந்தால், அடுத்து என்ன செய்வது என்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சிலர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். சிலர் கட்சிக்காரரைத் தேடுகிறோம். இன்னும் சிலர், "குடும்ப மானத்தை வாங்கிவிட்டான், உள்ளேயே கிடக்கட்டும்" என்று கோபத்தில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். மூன்றுமே பிள்ளைக்குக் கேடாக முடியும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு இந்நாட்டுச் சட்டம் திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழி எங்கே இருக்கிறது என்று தெரியாத குடும்பத்துக்கு அது பயன்படாமல் போகிறது. எனவேதான் இந்தக் கட்டுரை.

"இதெல்லாம் நம் வீட்டுக்கு வராது" என்று நினைக்க வேண்டாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சிறார்கள் மீது 30,555 வழக்குகள் பதிவாகின. பிடிபட்டவர்களில் பெரும்பகுதியினர் 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். பெரும்பாலோர் பெற்றோருடன் ஒரே வீட்டில் வசித்தவர்கள். அதாவது, நாம் சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்ட பிள்ளைகள்.

சட்டம் வந்த பாதை

சிறார்களைப் பெரியவர்களோடு சேர்த்துச் சிறையில் அடைக்கக் கூடாது என்ற எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. இந்தியாவில் முதல் 'குழந்தைகள் சட்டம்' வந்தது சென்னை மாகாணத்தில்தான். அது 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். நாடு முழுமைக்குமான சட்டம் 1986-இல் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு 16 வயது, பெண் பிள்ளைக்கு 18 வயது என்று எல்லை வைத்தார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. பிறகு 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் 18 வயது என்று ஆக்கியது.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரமான பாலியல் கொலை வழக்கில் குற்றவாளிகளில் ஒருவன் 17 வயதுடையவன். அவனுக்கு மூன்றாண்டு இல்லவாசம் மட்டுமே கிடைத்தது. அதனால் எழுந்த கோபத்தில் புதிய சட்டம் பிறந்தது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 என்பது அதன் பெயர். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டமே இன்று நம் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது.

வயது: முதல் கேள்வி, முதல் தவறு

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பிள்ளைக்கு 18 நிரம்பவில்லை என்றால் அவன் சிறார். வழக்கு நடக்கும்போது 19 ஆகிவிட்டாலும் இந்தச் சட்டமே பொருந்தும். ஏழு வயது நிரம்பாத குழந்தையின் எந்தச் செயலும் குற்றமே ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, விளைவை உணரும் முதிர்ச்சி இல்லாத குழந்தையின் செயலும் குற்றமாகாது.

வயதை எப்படி முடிவு செய்கிறார்கள்? பிரிவு 94-இன்படி பள்ளியின் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ முதலில் பார்க்கப்படும். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. இங்கே நம் குடும்பங்களில் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பொய்யான ஒரு வயது, 17 வயதுப் பிள்ளையைக் காகிதத்தில் 18 ஆக்கி, பெரியவர்களின் சிறைக்கு அனுப்பிவிடலாம். பிறப்புச் சான்றும் பள்ளிப் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று இன்றே பாருங்கள். சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்ப முடியும். ஆனால் முதல் நாளே எழுப்புவதுதான் நல்லது.

பிடித்த பின் முதல் 24 மணி நேரம்

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பிடிபட்ட சிறார் அவருடைய பொறுப்பிலோ, மாவட்டத்தின் சிறப்புச் சிறார் காவல் பிரிவின் பொறுப்பிலோதான் இருக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

• லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது.
• என்ன குற்றச்சாட்டு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரிக்கும்போது பெற்றோர் உடனிருக்கலாம்.
• குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்தக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து கேட்கக் கூடாது.
• கொடிய குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் எஃப்.ஐ.ஆர். மற்றவற்றில் நிலையத்தின் நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.
• இலவச வழக்கறிஞர் பெறுவது பிள்ளையின் உரிமை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

எனவே அழைப்பு வந்ததும் பணத்தை எண்ண வேண்டாம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு தாயோ தகப்பனோ நேரில் போக வேண்டும். பிள்ளையிடம் பேசும்போது, "நான் வந்துவிட்டேன்" என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். கண்டிப்பதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

ஜாமீன்

பெரியவர்களுக்கு ஜாமீன் கிடைக்காத குற்றம் என்றாலும், சிறாருக்கு ஜாமீன் தருவதே விதி, மறுப்பது விலக்கு. பிரிவு 12 மூன்று காரணங்களை மட்டும் சொல்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளின் கூட்டில் மறுபடி சேர்ந்துவிடுவான் என்பது ஒன்று. அவனுடைய ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து என்பது இரண்டு. நீதியின் நோக்கமே கெடும் என்பது மூன்று. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

இந்த மூன்றையும் கவனித்துப் பாருங்கள். பிள்ளை யாரிடம் திரும்பிப் போகிறான் என்பதுதான் இவற்றின் அடியில் இருக்கும் கேள்வி. தகப்பன் குழுமத்துக்கே வரவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? கோபத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தகப்பன், தெரியாமலேயே தன் பிள்ளையின் ஜாமீனைக் கடினமாக்குகிறார்.

குழுமம் என்ன செய்யும்?

இளைஞர் நீதிக் குழுமத்தில் மூவர் இருப்பார்கள். ஒருவர் நீதித்துறை நடுவர், மற்ற இருவர் சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்து விசாரித்து இரண்டு வாரத்துக்குள் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும். அவர் வரும்போது கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லுங்கள். படிப்பு எங்கே நின்றது, யாருடன் பழகினான், போதைப் பழக்கம் உண்டா என்பதெல்லாம் மறைத்தால் சிகிச்சைக்குப் பதிலாக வேறு ஏதாவது கிடைக்கும்.

விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறு குற்றங்களில் அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு முடிந்துபோகும். குற்றம் உறுதியானால் குழுமம் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் விடலாம், போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்பலாம். கடைசி வழிதான் சிறப்பு இல்லம். அதுவும் அதிகபட்சம் மூன்றாண்டு.

16 முதல் 18 வரை: மிகக் கவனம்

குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ளவை கொடிய குற்றங்கள். 16 வயது நிரம்பியவன் மீது இத்தகைய வழக்கு வந்தால், அவனுடைய மன, உடல் திறன், விளைவை உணரும் ஆற்றல், சம்பவச் சூழல் ஆகியவற்றைக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அதன் பிறகு வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கே பெரியவரைப் போல விசாரிக்கப்படக்கூடும். இந்த மதிப்பீட்டைக் கடமைக்குச் செய்யக் கூடாது, உளவியல் அறிந்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் நிபுணர் உதவி பெற வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த நிலையிலும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையோ சிறாருக்கு விதிக்க முடியாது.

நம் வீடுகளில் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஒன்று போதை. "இந்தப் பையை அங்கே கொடுத்துவிட்டு வா" என்று 500 ரூபாய் கொடுப்பவர்கள், சிறாருக்குத் தண்டனை குறைவு என்று தெரிந்தேதான் அவனைப் பிடிக்கிறார்கள். வணிக அளவிலான கஞ்சா வழக்கில் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. எனவே அது கொடிய குற்றம். சிறாரைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்திய பெரியவருக்கு பிரிவு 78 ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. யார் அனுப்பியது என்று பிள்ளை பயமின்றிச் சொல்லும் நிலை வீட்டில் இருக்க வேண்டும்.

மற்றொன்று காதல். 18 நிரம்பாத பெண் சம்மதித்தாலும் போக்சோ சட்டத்தில் அது சம்மதம் ஆகாது. 17 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் உடல் உறவு வரை போனால், குறைந்தபட்சம் பத்தாண்டுத் தண்டனைக்குரிய வழக்கு பையன் மீது வரும். கூச்சத்தால் இதைப் பேசாமல் விட்டு, பிறகு நீதிமன்ற வாசலில் நிற்பதில் பயனில்லை.

"பாலிகானவன் எப்படிச் சிறார்?"

இந்தக் கேள்வி நம் மக்களிடம் அடிக்கடி வருகிறது. பருவ அடையாளம் தெரியாதபோது ஷாஃபிஈ மத்ஹபில் சந்திரக் கணக்கில் 15 ஆண்டு எல்லை. ஆண் பிள்ளைக்கு 18 என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய முக்கிய மாணவர்கள் இருவரும் 15 என்றார்கள். ஆக, வயதெல்லையில் அறிஞர்களிடையே அன்றே விவாதம் இருந்தது. அதைவிட முக்கியம், பருவம் வேறு, பக்குவம் வேறு என்பது. அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றி சூரா அன்னிஸாவின் ஆறாவது வசனம் பேசும்போது, பருவத்தோடு நிறுத்தாமல், அவர்களிடம் விவேகத்தைக் கண்டறியவும் சொல்கிறது. பாலிகானதும் தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடும். அதில் சலுகை இல்லை. நாட்டின் குற்றவியல் சட்டம் 18 என்று எல்லை வைத்திருப்பது வேறு விஷயம். "மார்க்கப்படி நீ பெரியவன், அனுபவி" என்று பிள்ளையைக் கைவிடுவதற்கு மார்க்கத்தைச் சாக்காக்குவது முறையல்ல.

இல்லத்தில் இருக்கும் பிள்ளை

விசாரணைக் காலத்தில் ஜாமீன் கிடைக்காதவர்கள் கூர்நோக்கு இல்லத்தில் இருப்பார்கள். சட்டம் நல்லது என்பதால் இல்லங்களெல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நாம் சொல்லவில்லை. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டில் இருந்த அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான்; இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பின் இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. பெற்றோர் தவறாமல் போய்ப் பார்க்கும் பிள்ளை மீது கை ஓங்க யாரும் யோசிப்பார்கள். காயம் கண்டால் உடனே குழுமத்திடம் எழுத்தில் கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது இல்லங்களைப் பார்வையிடுவது குழுமத்தின் கடமை.

கோப்பு அழியும், ஊர்ப் பேச்சு?

பிரிவு 24-இன்படி, இந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கு பிள்ளையின் எதிர்காலத்துக்குத் தடை ஆகாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். கொடிய குற்றத்தில் குழந்தைகள் நீதிமன்றம் பெரியவராக விசாரித்துத் தண்டித்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட காவல்துறை வெளியிடக் கூடாது. வளைகுடா வேலையை நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், அரசு அழிக்கும் கோப்பை நாம் வாட்ஸ்அப்பில் பத்திரப்படுத்துகிறோம். சிறாரின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ எந்த ஊடகத்தில் வெளியிட்டாலும் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மஹல்லா குழுவில் வரும் வீடியோவைப் பகிராமல் அழிப்பதே சரி.

மஹல்லா என்ன செய்யலாம்?

ஜமாஅத் நிர்வாகம் சிறார் வழக்கு தெரிந்த ஒரு வழக்கறிஞரின் எண்ணையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணையும் வைத்திருக்கலாம். போக வழி தெரியாத விதவைத் தாயுடன் குழுமத்துக்கு ஒருவரை அனுப்பலாம். படிப்பை விட்ட பிள்ளைகளின் பட்டியலை ஆண்டுதோறும் எடுத்து, ஐ.டி.ஐ.யிலோ திறந்தநிலைப் பள்ளியிலோ சேர்க்கலாம். திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு கடையில் வேலை வாங்கித் தரலாம். பள்ளிவாசல் ஸஃப்பில் அவன் நிற்கும்போது யாரும் விலகி நிற்காமல் இருந்தாலே அது பாதி உதவி.

பிள்ளை செய்தது தவறு என்றால் தவறுதான். பாதிக்கப்பட்டவருக்கு அவன் பொறுப்பேற்கக் கற்றுக்கொடுப்பதும் நம் கடமை. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு வீடும் ஒரு மஹல்லாவும் வேண்டும். சட்டம் அவனைத் திருப்பி அனுப்பும்போது பெற்றுக்கொள்ள நாம் வாசலில் நிற்க வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.