காந்தியின் லண்டன் கணக்கு நோட்டு

1888இல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போன காந்தி, கொஞ்ச காலம் துரை மாதிரி வாழ்ந்து பார்த்தார். பாண்டு தெருவில் பத்து பவுனுக்கு மாலை உடுப்பு, 19 ஷில்லிங்குக்குத் தொப்பி, நடனப் பாடம், வயலின். ஊரிலிருந்து அண்ணன் தங்கக் கடிகாரச் சங்கிலி அனுப்பினார். சுமார் மூன்று மாதத்தில் அந்த மோகம் தெளிந்தது. வயலினை வந்த விலைக்கு விற்றுவிடச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஆடம்பரத்தின் நடுவிலும் அவர் காசு விடாமல் கணக்கு எழுதினார். பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை எல்லாம் ஏறும். இரவு இருப்பைச் சரிபார்த்த பிறகே படுக்கை. ‘சத்திய சோதனை’யில் இதை அவரே சொல்கிறார். வண்டிக்கே பணம் கரைவதை அந்த நோட்டுதான் காட்டியது. தங்கியிருந்த வீட்டில் வாரப் பணம் வேறு. வெளியே சாப்பிட்டாலும் கழிவு கிடையாது. (நம் காலத்து மெஸ்களும் அப்படித்தானே!)

செலவைப் பாதியாக்கத் தீர்மானித்தார். தனியாக அறை எடுத்துக்கொண்டு, தினம் எட்டுப் பத்து மைல் நடந்தார். ஆனால் மெட்ரிகுலேஷன் வகுப்புக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார். லத்தீனில் தோற்றதும் மறுபடி படித்தார்.

அப்போதும் மனம் ஆறவில்லை. கேட்டபோதெல்லாம் கஷ்டப்பட்டுப் பணம் அனுப்பிய அண்ணனை நினைத்து வருந்தினார். இரண்டு அறை ஒன்றாயிற்று. ஒரு அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கோகோவும். நாளைக்கு ஒன்றேகால் ஷில்லிங்கில் சாப்பாடு முடிந்தது.