கிளிவெக் வழக்கும் ரத்தப்புற்றுநோய் மருந்தின் விலையும்

நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றுநோய்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் முதல் நிலை மருந்துகளில் ஒன்று இமாட்டினிப். நோவார்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்ற இந்த மருந்து, இந்தியாவில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு இறங்கியதன் பின்னால் நெடிய சட்ட வரலாறு ஒன்று உண்டு. அதன் முக்கியமான கட்டங்கள் பலவும் சென்னையில் நடந்தவை.

இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-ல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டறிந்தனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் அது உண்டாகிறது என்று 1973-ல் ஜேனட் ரோலி காட்டினார். அப்படி ஒட்டியதால் பிறக்கும் ஒரு புரதம்தான் அணுக்களை ஓயாமல் பெருகவைக்கிறது. அந்தப் புரதத்தை முடக்கும் மூலக்கூறை சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் யூர்க் ஸிம்மர்மான், நிக்கலஸ் லிடன் குழுவினர் உருவாக்கினர். அமெரிக்காவில் மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998-ல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கத் தொடங்கினார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த நோய், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய நோயாக மாறியது. ஆனால் பெரும்பாலோர் அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில், நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். நிலத்தையோ நகையையோ அடகு வைத்து ஒரே தடவையில் சமாளிக்கும் செலவு அல்ல இது.

இந்திய நிறுவனங்கள் இதே மருந்தைத் தயாரிக்க முடிந்ததற்குக் காரணம் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையே அதற்கு அடித்தளம். இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருந்ததையும், அவற்றைக் கொண்டு இங்கே உற்பத்தி நடக்காததையும் அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். மருந்துப் பொருளுக்கு உரிமை கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுக்கலாம் என்ற அவரது கருத்து சட்டமானது. வேறொரு செய்முறையில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் தடை இருக்கவில்லை. இந்தியாவின் மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

1995-ல் உலக வணிக அமைப்பு உருவானபோது இந்தியா இந்த ஏற்பாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டது. பொருளுக்கே உரிமை வழங்கும் முறைக்கு மாற 2005 ஜனவரி 1 வரை அவகாசம் கிடைத்தது. அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி, பரிசீலிக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஸிம்மர்மானின் மூல மூலக்கூறுக்கான காப்புரிமை 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அது 1995-க்கு முந்தையது என்பதால், அந்த மூலக்கூறுக்கு இந்தியாவில் உரிமை பெற வழியில்லை. சீபா-கெய்கி 1996-ல் சாண்டோஸுடன் இணைந்து நோவார்டிஸ் ஆகியிருந்தது. அந்த நிறுவனம் 1998 ஜூலையில், இமாட்டினிப் மெசைலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு உரிமை கேட்டு சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. விண்ணப்ப எண் 1602/மாஸ்/98.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோதே, 2003 நவம்பரில் நோவார்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை தரப்பட்டது. அதை வைத்து ஜெனரிக் தயாரிப்பாளர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. அப்போது கிளிவெக் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள். தன் மருந்தைப் பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவே தருவதாக நோவார்டிஸ் கூறியது. அந்தத் திட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது உண்மை. ஆனாலும் இலவசம் என்பது கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. யாருக்கு, எத்தனை நாள் என்பதை அவரே தீர்மானிக்கிறார். மருந்துக்கடையில் வாங்கக்கூடிய விலைக்கு அது ஈடாகாது.

2005-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் 3(டி) என்ற பிரிவு வலுப்படுத்தப்பட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் உப்பு, படிக வடிவம் போன்றவை, செயல்திறனில் கணிசமாக உயர்ந்திருந்தால் ஒழிய, புதுப் பொருள் ஆகா என்கிறது அது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் நாட்கோ, சிப்லா, ஹெட்டிரோ, ரான்பாக்சி நிறுவனங்களும் விண்ணப்பத்தை எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் அதை நிராகரித்தது.

நோவார்டிஸ் சட்டப் பிரிவையே எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன் என்றும், உயிர்காக்கும் மருந்துகள் குடிமக்களுக்கு எளிதில் கிடைக்கச் செய்வது சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்றும் அது தெளிவுபடுத்தியது. பின்னாளில் எல்லாத் தீர்ப்புகளும் சுற்றிவந்தது இந்த விளக்கத்தைத்தான். சென்னையில் இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் 2009 ஜூனில் உரிமையை மறுத்தது.

உச்ச நீதிமன்றத்தில் வாதம் படிகத்தின் குணங்கள் வரை இறங்கியது. பீட்டா படிகம் தூளாகும்போது தடையின்றி ஓடும், வெப்பத்தில் நிலைத்திருக்கும், ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்றது நோவார்டிஸ். இவை மாத்திரை செய்பவருக்கு வசதி. நோயாளியின் உடம்பில் கூடுதல் பலன் எது என்று நீதிமன்றம் கேட்டது. எலிகளின் ரத்தத்தில் மருந்து 30 சதவீதம் கூடுதலாகச் சேர்வதாகக் காட்டிய சோதனையும் போதவில்லை. அதனால் குணமாவது கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் மேல்முறையீட்டை நிராகரித்தனர். 2015-ல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

உண்மையிலேயே புதிய மூலக்கூறுகளுக்கு 3(டி) பொருந்தாது. அங்கே உள்ள வழி, காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மருந்துக்கு பேயர் நிறுவனம் மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் வாங்கியபோது, 2012 மார்ச்சில் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு, விலை 8,800 ரூபாயாக இறங்கியது. இந்தியா இதுவரை வழங்கிய கட்டாய உரிமம் அது ஒன்றே. இமாட்டினிப்புக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்கு உதவும் தசாட்டினிப் மருந்துக்குக் கேட்கப்பட்ட கட்டாய உரிமம் 2013-ல் மறுக்கப்பட்டது.