இளசை என்னும் எட்டயபுரம்: கரிசலில் நிலைத்த ஒரு தலைநகர்

நாகலாபுரத்தில் பஸ் ஏறி விளாத்திகுளம் வழியாக எட்டயபுரம் போகிறவர், பங்குனி வெயிலில் சன்னலோரம் உட்கார்ந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். பருத்தி மார் பிடுங்கிய புஞ்சைகளில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். ஐப்பசி மழையில் இதே மண் உப்பிக்கொண்டு மேலெழும், கோடையில் சுருங்கி இறங்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே ஏறி இறங்கி விரிசல் விடும். சுக்கான் பாறை தட்டும் வரை கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு அடித்தளம் போட வசதி இல்லாதவர் வீடு அதிக காலம் தாங்காது. பழைய தெருக்கள் நிலைப்பதற்கு ஏற்ற மண் அல்ல இது. ஆனாலும் எட்டயபுரத்தில் அரண்மனையும், சமாதிகளும், கவிஞர் பிறந்த வீடும் நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் நிற்கின்றன. இதே கரிசலில் பாளையமாக இருந்த நாகலாபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் அந்த வாய்ப்பு கிட்டவில்லை. அதற்கான காரணத்தை மண்ணில் தேடுவதைவிட 1799ஆம் ஆண்டில் தேடுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஊரின் பழைய பெயர் இளசை. சந்திரகிரிப் பக்கமிருந்து வந்த கம்பளத்தார் மரபினர் இங்கே பாளையம் அமைத்ததாக ஜமீன் வரலாறு கூறும். ஜமீனின் தொடக்க கால நிகழ்ச்சிகளுக்கு அந்த வம்ச வரலாறே பெரும்பாலும் சான்று என்பதால், 17ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. அந்நூற்றாண்டில் நமக்கு உமறுப்புலவர் கிடைக்கிறார். 1642இல் நாகலாபுரத்தில் பிறந்தவர் என்று அவர் வரலாறு எழுதியோர் பலரும் குறிக்கின்றனர். எட்டயபுரம் அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, சீதக்காதியின் ஆதரவில் 5,027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்தைப் பாடினார். அடக்கமானது எட்டயபுரத்தில். சிறு பாளையத்தில் பிறந்த புலமை பெரிய பாளையத்தின் அவையை நாடிச் சென்ற பாதையை இவர் வாழ்வு காட்டுகிறது. அன்று அது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. நாகலாபுரத்துக்கும் தனியே ஒரு பாளையக்காரர் இருந்தார்.

1799 செப்டம்பரில் கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய பாளையக்காரர் கட்டபொம்மனின் ஆட்களைக் கோலார்பட்டியில் எட்டயபுரம் படை எதிர்த்தது. பிடிபட்ட அவரது தானாபதி சுப்பிரமணிய பிள்ளை நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகி வைக்கப்பட்டது. நாகலாபுரம் பாளையக்காரரின் தம்பி சௌந்தரபாண்டியனும் கொல்லப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர்ப் பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிக்கப்பட்டன. 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை மே மாதம் வீழ்ந்தபின் தரைமட்டமானது. பறித்த நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கு வந்தது. 1803இல் கம்பெனியின் சன்னது (உரிமைப் பத்திரம்) பெற்று, பாளையம் நிலையான ஜமீனாக மாறியது.

எட்டயபுரம் பாளையக்காரரைக் குறித்த ‘எட்டப்பன்’ என்ற சொல் இன்று துரோகியைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வசையில் உள்ள வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சொல் ஊரின் வரலாற்றை ஒரே ஆண்டோடு நிறுத்திவிடுகிறது. ஜமீனுக்கு வந்த நிலத்தின் வரிப்பணம் பிறகு என்னவானது என்று கேட்க வேண்டும். அதில் ஒரு பகுதி இசையானது.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர். எட்டயபுரம் ஆஸ்தான வித்துவான். தம்பியைக் காண வந்த அண்ணன், வறண்ட கரிசலைக் கண்டு மனம் கசிந்து அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடியதாகவும், மழை கொட்டியதாகவும் இவ்வட்டார மக்கள் சொல்வார்கள். இதை வரலாறாக ஏற்க வேண்டியதில்லை. மானாவாரி மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கதையும் இல்லை. 1835 தீபாவளி நாளில் முத்துசுவாமி இங்கேயே மறைந்தார். பாலுசுவாமியின் பேரனாகவும் வளர்ப்பு மகனாகவும் இருந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலை எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் தெலுங்கில் வெளியிட்டார். அதன் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கமகங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு: ஸ்வர எழுத்தின் தலையில் நெளிகோடு இருந்தால் கம்பிதம்; வலப்புறம் ஏறும் சாய்கோடு ஏற்ற ஜாரு, இறங்குவது இறக்க ஜாரு. குரலின் அசைவை ஈய எழுத்துக்குள் கொண்டுவர அச்சுக் கோப்பவர் பட்ட பாடு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ரயில் நிலையம் இல்லாத ஒரு கரிசல் ஊரில் இது நடந்தது. தமிழ் எழுத்தில் இந்நூல் வர 1961 வரை காத்திருந்தோம். சென்னை மியூசிக் அகாதமி வெளியிட்டது.

ரயில் விஷயம் சிறியதல்ல. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை போட்டபோது அது கோவில்பட்டி வழியாகப் போனது. பருத்திப் பொதிகளும் மில்களும் அந்தப் பக்கம் சேர்ந்தன. எட்டயபுரத்தில் பருத்தி அரவை ஆலை வைக்க முயன்ற சின்னசாமி ஐயர் நொடித்துப்போய் 1898இல் இறந்தார். அவர் மகன் பாரதி. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும் அரண்மனையைப் பராமரிக்கும் வருமானமும் நின்றது.

ஜெர்மனியின் ரோத்தன்பர்க் இங்கே நினைவுக்கு வருகிறது. முப்பதாண்டுப் போரில் 1631இல் வீழ்ந்து வறுமைப்பட்ட ஊர் அது. புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால்தான் இடைக்கால வீதிகள் மாறாமல் நின்றன. 1945 மார்ச்சில் விழுந்த குண்டுகளால் சிதைந்த மதிலைப் பிறகு நன்கொடை திரட்டி எழுப்பினார்கள். கொடுத்தவர் பெயர்கள் மதில் கற்களில் உள்ளன. வளர்ச்சி விலகிப் போனதால் பழைய வடிவம் தங்கியது என்ற அளவில் எட்டயபுரமும் அதே வகை. மதிலை எழுப்பிய இரண்டாம் பாதி மட்டும் இங்கே அரைகுறையாகவே நடந்தது. கல்கியின் முயற்சியில் பாரதி மணிமண்டபத்துக்கு 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி 1947இல் திறந்துவைத்தார். பாரதி பிறந்த வீடு அரசின் பொறுப்பில் இருக்கிறது. அரண்மனைச் சுவர்களில் காரை உதிர்கிறது. தரைமட்டமான பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் புதிய கோட்டையே எழுந்தது. நாகலாபுரத்தின் பாளையத்தை நினைவூட்ட அப்படி ஒன்றும் எழவில்லை.

இந்த ஜமீனின் வரலாற்றைக் கவிகேசரி சாமி தீட்சிதர் 1879இல் ‘வம்சமணி தீபிகை’ என்று எழுதினார். அதன் நடையில் குறை கண்ட பாரதி, நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாக 1919இல் எட்டயபுரம் அரசருக்குக் கடிதம் எழுதினார். அது நிறைவேறவில்லை, இரண்டே ஆண்டில் அவரும் மறைந்தார். பல காலம் கழித்து அந்நூலை அதன் பழைய நடையிலேயே பதிப்பித்தவர் எட்டயபுரத்துக்காரர். தம் பெயரை இளசை மணியன் என்று வைத்துக்கொண்டார்.